சேதி சுமந்தவர்கள்: ‘அம்மா அறியான்’ பயணமும் கொச்சிக் கரையும்

1. கேள்வி

நாட்டையே உலுக்கிய ஒரு துயரத்துக்குப் பிறகு கேமராவோடு சாலையில் இறங்கி, வழியில் எதிர்ப்படும் மனிதர்களிடம் பேச்சுக் கொடுக்கும் படங்கள் பல உண்டு. அல்ஜீரியப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் ழான் ரூஷும் எட்கர் மோரினும் பாரிஸ் வீதியில் போவோர் வருவோரிடம் மைக்கை நீட்டினார்கள். ‘ஒரு கோடையின் பதிவு’ 1961இல் வெளிவந்தது. இந்தியாவில் அரசின் பிலிம்ஸ் டிவிஷனே அந்த வடிவத்தைக் கையாண்டது. சுதந்திரத்தோடு பிறந்த தலைமுறையைத் தேடிச் சென்று எஸ்.என்.எஸ். சாஸ்திரி 1967இல் எடுத்த ‘ஐ ஆம் 20’ அதற்கு நல்ல உதாரணம். 2002 குஜராத் படுகொலைகளுக்குப் பிறகு அம்மாநிலத்தைச் சுற்றி ராகேஷ் சர்மா எடுத்த ‘பைனல் சொல்யூஷன்’ வேறொரு எல்லை.

இவற்றை மதிப்பிடும்போது நம் விமர்சனம் பெரும்பாலும் படம்பிடித்தவரின் பக்கமே நிற்கிறது. யாரையெல்லாம் சந்தித்தார், அவர்களை எவ்வளவு மனம்விட்டுப் பேசவைத்தார் என்று பார்க்கிறோம். சந்திக்கப்பட்டவரின் பக்கமிருந்து கேட்கவேண்டிய கேள்வி கேட்கப்படாமலே போகிறது. வழியில் அகப்பட்ட அந்த மனிதருக்கு இந்தப் பயணத்தில் என்ன பங்கு? அவர் வாய்திறந்ததால் அவருக்கு என்ன கிடைத்தது? படம்பிடித்தவர் அவருக்கு என்ன கடன்பட்டார்?

இக்கேள்விக்கு இந்தியத் திரையில் கிடைத்த மிகக் கறாரான பதில் ஒரு கதைப்படத்தில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. ஜான் ஆபிரகாமின் ‘அம்மா அறியான்’ 1986இல் வந்த கறுப்பு-வெள்ளை மலையாளப் படம். தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ (1977) எடுத்தவராக ஜானை நாம் அறிவோம். எல்.ஐ.சி. வேலையை விட்டுவிட்டுப் புனே திரைப்படக் கல்லூரிக்குப் போய் ரித்விக் கட்டக்கிடம் பயின்றவர்; 1987 மே 31 அன்று கோழிக்கோட்டில் ஒரு கட்டடத்திலிருந்து விழுந்து இறந்தார். ‘அம்மா அறியான்’ அவரது கடைசிப் படம்.

கதைப்படத்தை ஆவணப்படத்தோடு வைத்துப் பேசலாமா என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் இந்தப் படத்தில் நடித்தவர்களில் பலர் தொழில்முறை நடிகர்கள் அல்லர். வீடுகளும் தெருக்களும் அரங்குகள் அல்ல. கற்பனையான ஒரு சாவுச் சேதி, அண்மைக்காலத்தில் உண்மையாகவே நடந்த போராட்டங்களின் ஊடாகப் பயணப்படுகிறது. வேணுவின் கேமரா பல இடங்களில் செய்திப்படத்தின் தோளில் ஏறி நிற்கிறது. அந்த ஆண்டின் தேசிய விருதில் அவரது ஒளிப்பதிவு தேர்வானபோது இப்படமும் காரணமாயிற்று.

2. பேசப்படாத துக்கம்

இங்கே துயரம் என்பது 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை நீடித்த நெருக்கடிநிலை. அதற்கு முன்னும் பின்னும் கேரளத்தின் தீவிர இடதுசாரி இளைஞர்கள் மீது விழுந்த அடி. இதைத் தேசியத் துயரம் என்று சொன்னால் உடனே ஒரு சிக்கல் எழுகிறது. 1977 தேர்தலில் வட இந்தியா காங்கிரஸைத் துடைத்தெறிந்தது. கேரளமோ 20 மக்களவைத் தொகுதிகளையும் காங்கிரஸ்–சி.பி.ஐ. அணிக்கே கொடுத்தது, சட்டமன்றத்தின் 140 இடங்களில் 111ஐயும் கொடுத்தது. தமிழ்நாட்டிலும் காங்கிரஸோடு சேர்ந்து நின்ற அணிதான் மக்களவைத் தொகுதிகளில் மிகப் பெரும்பாலானவற்றை வென்றது. சென்னைச் சிறையில் பட்ட அடியின் விளைவாகத் தி.மு.க.வின் சிட்டிபாபு இறந்த ஆண்டும் அதுவே. ஆகவே தெற்கில் நெருக்கடிநிலைக்கு ஊர்கூடி அழுத துக்கம் என்று ஒன்று அமையவில்லை. இழந்த வீடுகள் தனித்தனியே இழந்தன.

அவற்றில் ஒரு வீடு டி.வி. ஈச்சர வாரியருடையது. கோழிக்கோடு வட்டாரப் பொறியியல் கல்லூரி மாணவரான அவர் மகன் ராஜன் 1976 மார்ச் 1 அன்று பிடித்துச் செல்லப்பட்டார். கக்கயம் போலீஸ் முகாமில் உருட்டல் சித்திரவதையில் உயிர் போயிற்று. நெருக்கடிநிலை நீங்கியதும் தந்தை ஆட்கொணர்வு மனுப் போட்டார். அவ்வழக்கின் விளைவாக கே. கருணாகரன் முதல்வரான ஒரு மாதத்தில் பதவி விலக நேர்ந்தது. உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. மனம் பேதலித்திருந்த மனைவியிடம் மகன் இறந்ததைக் கடைசிவரை தன்னால் சொல்ல முடியாமல் போனதை வாரியர் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தத் தாய் மகனைக் கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்தார்.

இந்த வரலாற்றை அருகில் வைத்துப் பார்த்தால்தான் ஜானின் படம் செய்யும் காரியத்தின் கனம் விளங்குகிறது. வாரியர் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு உடலைக் கேட்டு அலைந்தார். ஜானின் இளைஞர்கள் உடலைக் கண்டுவிட்டுப் பெயரைத் தேடி அலைகிறார்கள். பெயர் கிடைத்ததும் தாயைத் தேடிப் போகிறார்கள். ராஜனின் தாய்க்குக் கிடைக்காமல் போன ஒன்றை, அதாவது நேரில் வந்து சேதி சொல்லும் மனிதர்களை, இந்தப் படம் திரையில் உண்டாக்குகிறது. ஷாஜி என். கருணின் ‘பிறவி’ (1989) இதே காயத்திலிருந்து பிறந்த படம். அதில் தந்தை படகுத்துறையில் காத்திருக்கிறார். காத்திருக்கும் துக்கத்துக்கு நம் இலக்கியத்திலும் சினிமாவிலும் நிறையவே இடமுண்டு. தேடிப்போய்ச் சொல்லும் பொறுப்பைத் தலையில் தூக்கிக்கொண்ட படங்கள் அரிது.

3. வயநாட்டிலிருந்து கொச்சிக்கு

புருஷன் என்ற இளைஞன் தாயிடம் விடைபெற்று வயநாட்டிலிருந்து டெல்லிக்குப் புறப்படுகிறான். கடிதம் எழுதுவதாகத் தாய்க்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். வழியில் போலீஸ் அவன் வந்த ஜீப்பை நிறுத்தி, தூக்கில் தொங்கிய ஓர் இளைஞனின் சடலத்தை ஏற்றுகிறது. எங்கோ பார்த்த முகம். யாரென்று பிடிபடவில்லை. அந்த முகம் அவனை டெல்லிக்குப் போகவிடாமல் கோழிக்கோட்டுக்கு இழுத்து வருகிறது. நண்பர்கள் ஒவ்வொருவராகக் கூடி, இறந்தவன் ஹரி, தபலாக் கலைஞன் என்று அடையாளம் காண்கிறார்கள். அவன் தாய் கொச்சியில் இருக்கிறாள். போய்ச் சொல்லியாகவேண்டும்.

இதற்குப் பிறகு படம் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. ஒரு வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிறார்கள், உள்ளிருப்பவன் வெளியே வருகிறான், சேதியைக் கேட்கிறான், தன் தாயிடம் ‘போய்வருகிறேன்’ என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு சேர்கிறான். அடுத்த வீடு. அடுத்த ஊர். முதல்முறை பார்ப்பவருக்கு இது சலிப்பூட்டும். அந்தச் சலிப்பைக் குறையாகச் சொன்ன விமர்சனங்கள் உண்டு, எனக்கு உடன்பாடில்லை. கேட்டவன் உட்கார்ந்தபடியே அனுதாபம் சொல்லி அனுப்பிவிட முடியாத ஒரு சேதி இது என்பதைப் படம் வேறு எப்படியும் காட்டியிருக்க முடியாது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவதுதான் அங்கே பதில். கூடவே, ஒவ்வொருவரும் நினைவுகூரும் ஹரி வேறு வேறு ஆளாக இருக்கிறான். ஒருவர் பார்த்த தோழனை இன்னொருவர் பார்த்திருக்கவில்லை. துண்டு துண்டாகக் கிடந்த ஒரு மனிதன் வழிநெடுகச் சேர்த்துக்கட்டப்படுகிறான்.

இப்படத்தைப் பற்றி நிலவும் வாசிப்புகள் பெரும்பாலும் இரண்டு பக்கம் சாய்கின்றன. ஒன்று, இது கேரள நக்சல்பாரி இயக்கத்துக்கான ஒப்பாரியும் சுயவிமரிசனமும் என்பது. வயநாட்டில் தொடங்குவதற்கே அந்த அர்த்தம் உண்டு. திருநெல்லிக் காட்டில் 1970 பிப்ரவரியில் அவ்வியக்கத்தின் வர்கீஸ் சுட்டுக் கொல்லப்பட்ட மண் அது. இரண்டாவது, இது தாய்மார்களின் படம் என்பது. இரண்டுமே சரிதான், ஆனால் இரண்டும் தொடக்கத்தையோ முடிவையோ பிடித்துக்கொள்கின்றன. படத்தின் பெரும்பகுதி நடுவழியில் நடக்கிறது. சாலையில் என்ன நிகழ்கிறது என்பதே அதன் அரசியல் என்று நான் வாசிக்கிறேன்.

அந்தச் சாலையின் கடைசிப் பகுதியைக் கவனிக்கவேண்டும். கொடுங்கல்லூர்க் கோட்டப்புறம், பிறகு வைப்பின் தீவு, பிறகு கொச்சி. 1982 ஓணத்தின்போது விஷச்சாராயம் குடித்து எழுபது பேரளவில் உயிரிழந்ததும், பலர் பார்வையிழந்ததும் வைப்பினில்தான். கோஸ்ரீ பாலங்கள் 2004இல்தான் திறக்கப்பட்டன. படம் எடுத்த காலத்தில் தீவிலிருந்து கொச்சிக்குத் தண்ணீர் வழியே வந்தாகவேண்டும். ஆகவே சேதியோடு வருபவர்கள், அன்றாடம் வேலைக்குக் கடக்கும் கூட்டத்தின் கடவு வழியாகவே கரையேறவேண்டியிருந்தது.

4. மட்டாஞ்சேரியின் பழைய கணக்கு

கொச்சியை வந்தடைந்ததும் படம் துறைமுகத் தொழிலாளர் போராட்டத்தின் நினைவைத் தொடுகிறது. வெளியூர்ப் பார்வையாளர் கவனிக்காமல் கடந்துபோகக் கூடிய இடம் இது. மட்டாஞ்சேரிக்காரருக்கு அப்படியில்லை.

கப்பல் வந்ததும் வேலைக்கு ஆள் எடுப்பதற்கு அங்கே சாப்பா முறை இருந்தது. சாப்பா என்பது உலோக வில்லை. அது கையில் இருப்பவனுக்கு அன்றைக்கு வேலை. இல்லாதவனுக்கு அன்றைக்குப் பட்டினி. வேலைக்குத் தேவைப்படுவோரைப்போலப் பல மடங்கு ஆட்கள் விடியற்காலையிலேயே கூடி நிற்பார்கள். மூப்பன் உயரத்தில் நின்று வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசுவான். ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, மிதித்து, கடித்துப் பிடுங்குவார்கள். நேற்று ஒரே மூட்டையை இரு தோளில் பங்கிட்டுச் சுமந்தவர்கள் இன்று வில்லைக்காக ஒருவர் கையை ஒருவர் முறுக்கினார்கள். மனிதர்களை ஒருவருக்கொருவர் அந்நியராக்கும் ஏற்பாட்டை இதைவிடக் கச்சிதமாக யாரும் வகுத்திருக்க முடியாது.

இந்த முறைக்கு எதிராக 1953இல் நடந்த வேலைநிறுத்தம் இரண்டு மாதங்களைத் தாண்டி நீடித்தது. செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. சைது, சைதலவி என்ற இரு தொழிலாளர் துப்பாக்கிக்குப் பலியானார்கள். ஆன்டணி லாக்கப்பில் பட்ட அடியால் இறந்தார். மட்டாஞ்சேரியை மறக்க முடியுமா என்று கேட்கும் முழக்கம் கேரளத் தொழிற்சங்க ஊர்வலங்களில் தலைமுறை தலைமுறையாக ஒலித்திருக்கிறது. கே.எம். சிதம்பரன் இதை நாடகமாக்கினார். அதிலிருந்து ராஜீவ் ரவி எடுத்த ‘துறமுகம்’ 2023இல் திரைக்கு வந்தது.

இன்று பஜார் ரோட்டில் நடந்தால் சுக்கும் மிளகும் மணக்கின்றன. பழைய பண்டகசாலைகள் சில இன்னும் மூட்டை ஏற்றி இறக்குகின்றன. சில ஓவியக் கண்காட்சிக் கூடங்களாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறிவிட்டன. டச்சு அரண்மனைக்கும் யூதத் தெருவுக்கும் வழிகாட்டும் பலகைகள் திரும்பிய பக்கமெல்லாம் தென்படுகின்றன. உலகத்துக்கு மட்டாஞ்சேரி என்றால் மிளகும் யூதர் கோயிலும் என்று ஆகிவிட்ட நிலையில், தாயைத் தேடிவந்த கூட்டத்தைத் துறைமுகத் தொழிலாளியின் நினைவின் ஊடாக அழைத்துச் சென்ற ஜானின் முடிவு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. வில்லைக்காக அடித்துக்கொள்ளும்படி விதிக்கப்பட்டிருந்தவர்கள் ஒன்றுசேர்ந்து வீதிக்கு வந்த ஊர் அது. வீடு வீடாகக் கூப்பிட்டுச் சேர்ந்த கூட்டம் போய்ச்சேரப் பொருத்தமான ஊரும் அதுதான். 1953இன் சாவும் 1980களின் சாவும் ஒரே கணக்கில் எழுதப்படவேண்டியவை என்று படம் வாதிடுகிறது.

5. துக்கம் விசாரிப்பதும் இழவு சொல்வதும்

நம் ஊர்களில் சாவையொட்டி இரண்டு பயணங்கள் உண்டு. ஒன்று, சாவு நடந்த வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போவது. மற்றது, சாவு வீட்டிலிருந்து புறப்பட்டு உறவு முறையாருக்கு இழவு சொல்லப் போவது. முன்னது மரியாதைக்குரிய கடமை. பின்னது சாதியின் பெயரால் தலித்துகள்மீது சுமத்தப்பட்ட வேலை. ஊர் ஊராக நடந்து சேதி சொல்லித் திரும்புபவருக்குக் கிடைத்தது கொஞ்சம் நெல்லும் திண்ணைக்கு வெளியே நிற்கும் இடமும்தான்.

பேரிழப்புக்குப் பிறகான ஆவணப் பயணங்களில் பெரும்பாலானவை முதல் வகையைச் சேர்ந்தவை. தமிழில் இதில் குறிப்பிடத்தக்க சாதனைகள் உண்டு. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் சென்ற ஊர்வலத்தைப் போலீஸ் தாக்கித் தாமிரபரணிக்குள் விரட்டியதில் 17 பேர் இறந்தனர், ஆர்.ஆர். சீனிவாசனின் ‘நதியின் மரணம்’ உயிர்பிழைத்தவர்களின் வாக்குமூலங்களைச் சேர்த்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதை, சம்பவத்தைக் கண்ட முதியவர்கள் உயிரோடிருக்கும்போதே பாரதி கிருஷ்ணகுமார் ‘ராமையாவின் குடிசை’யில் (2005) பதிந்துவைத்தார். திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ (2017) மாவட்டம் மாவட்டமாகப் போய் மலக்குழிச் சாவுகளின் குடும்பங்களைச் சந்தித்தது. இவை இல்லையென்றால் அரசின் அறிக்கை மட்டுமே வரலாறாக மிஞ்சியிருக்கும். ஆனாலும் இந்த வடிவத்துக்கு ஓர் உள்ளார்ந்த எல்லை இருக்கிறது. இழந்தவர் சொல்லவேண்டும், வந்தவர் கேட்டுக்கொள்ளவேண்டும். ஒவ்வொரு கேமரா வரும்போதும் அதே தாய் அதே நாளை மறுபடி வாழவேண்டியிருக்கிறது.

‘அம்மா அறியான்’ இந்தத் திசையைத் திருப்புகிறது. அங்கே சொல்லவேண்டியவன் பயணிதான். வழியில் சந்திப்பவரிடம் அவன் கொடுக்க ஒன்று இருக்கிறது, வாங்க வந்தவனாக மட்டும் அவன் நிற்கவில்லை. கேட்டவரும் அதைச் சுமந்துகொண்டு அடுத்த வாசலுக்குப் போகிறார். சாதி விதித்த ஒரு வேலையை, தொழிலாளியும் மாணவனும் இசைஞனுமாகக் கூடிய இளைஞர்கள் தாமாக எடுத்துக்கொள்கிறார்கள். இதை ஜான் திட்டமிட்டாரா என்று நான் வாதாட வரவில்லை. தமிழ்க் கண்ணுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது.

ஈழத்திலிருந்து ஓர் எதிர்நிலை. ஜூட் ரத்னத்தின் ‘டீமன்ஸ் இன் பாரடைஸ்’ 2017இல் கான் விழாவில் காட்டப்பட்ட ஆவணப்படம். போருக்குப் பிறகு, நாடு திரும்பிய தன் மாமாவோடு பயணம் செய்து, 1983 கலவரக் காலத்தின் மனிதர்களையும் இயக்கங்களுக்குள் நடந்த கொலைகளின் நினைவுகளையும் அது தேடிப்போகிறது. 2018இல் யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவில் எதிர்ப்பு எழுந்து திரையிடல் கைவிடப்பட்டது. ஒரு படத்தைக் காட்டவிடாமல் செய்வதை என்னால் ஏற்க முடியாது. எதிர்ப்பாளர்களின் கேள்வியையோ எளிதாகத் தள்ள முடியவில்லை: இந்தச் சேதி யாருக்குச் சொல்லப்படுகிறது, கானுக்கா, கிளிநொச்சிக்கா? முகவரி மாறினால் அதே உண்மை வேறொன்றாகக் கேட்கிறது. ஜானின் படத்தில் முகவரி முதலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அது தாய்க்கு எழுதும் கடிதம்.

6. காசு யாருடையது

படத்தின் தயாரிப்பு முறையும் இந்த வாதத்துக்குள் வருகிறது. 1984இல் கோழிக்கோட்டை மையமாகக் கொண்டு உருவான ஒடேசா கூட்டியக்கம், ஐசன்ஸ்டைனின் ‘போட்டெம்கின்’ படத்து நகரத்தின் பெயரைச் சூடிக்கொண்டது. தயாரிப்பாளர் என்று ஒருவரிடம் போகாமல், சாப்ளினின் ‘தி கிட்’ போன்ற படங்களை ஊர் ஊராகத் திரையிட்டு, பொதுமக்களிடம் சிறு சிறு தொகையாக வசூலித்து இப்படத்தை எடுத்தார்கள். முடிந்தபின் அதே ஊர்களுக்குப் படத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆக, கேரளத்தின் நீளத்தில் மூன்று பயணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன: காசு கேட்டுப் போனது, கதைக்குள் சேதி சொல்லிப் போனது, படத்தைக் காட்டப் போனது. மூன்றிலும் சந்திக்கப்பட்டவர்கள் அந்நியர்களே. காசு போட்டவர் படத்தின்மீது உரிமையுள்ளவர் ஆகிறார். அவருக்கு அறிக்கை கொடுத்தாகவேண்டும். நிதி நல்கைக்கு விண்ணப்பிக்கும்போது எழுதும் ‘சமூகப் பங்கேற்பு’ என்ற பத்தியோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், நாம் எவ்வளவு தூரம் விலகி வந்துவிட்டோம் என்பது தெரியும். பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் சிறந்த இந்தியப் படங்கள் பட்டியலில் இப்படம் இடம்பெற்றதை எல்லோரும் சொல்கிறார்கள். வாளியில் சில்லறை போட்ட ஆட்கள் அந்தப் பட்டியலைவிட முக்கியமானவர்கள்.

இந்த முறைக்கு நீடித்த வாழ்வு கிட்டவில்லை. ஜானின் மரணத்துக்குப் பின் கூட்டியக்கம் சுருங்கியது. ஒடேசா சத்யன் ஆவணப்படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார். வர்கீஸைச் சுட்டதாகப் பின்னாளில் ஒப்புக்கொண்ட காவலர் ராமச்சந்திரன் நாயரை அவர் படம்பிடித்தது இதே மரபின் தொடர்ச்சிதான்.

7. விடுபட்டவர்கள்

போற்றுவதால் குறைகளை மறைக்கவேண்டியதில்லை. அந்தக் கூட்டத்தில் நடப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் வாசல்வரை வருகிறார்கள், விடைகொடுக்கிறார்கள், நிற்கிறார்கள். மகனை அனுப்பும் தாய், சேதி கேட்கும் தாய் என்பதற்கு அப்பால் அவர்களுக்குச் சாலை திறக்கப்படவில்லை. நெருக்கடிநிலைக் காலத்துச் சிறைகளில் பெண்களும் இருந்தார்கள்; கே. அஜிதா வயநாட்டுப் போராட்டத்தில் முன்நின்று சிறைசென்றவர். அவர்கள் ஹரியின் தோழர்களாக, சேதி சுமப்பவர்களாக வந்திருக்கலாம். அப்படி ஒரு பெண் கூட்டத்தின் நடுவில் நடந்திருந்தால் கொச்சித் தாயின் முன் நிற்கும் காட்சியின் பொருளே மாறியிருக்கும். வயநாட்டு ஆதிவாசிகளின் நிலையும் இதுதான். பயணம் அவர்கள் மண்ணில் தொடங்குகிறது, அவர்களில் யாரையும் கொச்சிவரை அழைத்துவரவில்லை.

கொச்சியின் இன்னொரு கரையையும் இங்கே சேர்க்கவேண்டும். மட்டாஞ்சேரிக்குப் பக்கத்திலுள்ள தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் ஆழ்கடல் விசைப்படகுகளில் கணிசமானவை கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, பூத்துறைக் கிராமங்களின் ஆட்களுடையவை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது இப்படகுகள் பல கரைதிரும்பும் செய்தி எட்டாத தொலைவில் இருந்தன. ஆட்கள் வரவில்லை, பலரின் உடலும் வரவில்லை. திவ்யபாரதி அக்கிராமங்களுக்குப் போய் எடுத்த ‘ஒருத்தரும் வரேல’ (2018) கரையில் நின்ற குடும்பங்களின் கோபத்தைப் பதிந்தது. கேரளத்தில் ஓர் எண்ணிக்கை, தமிழ்நாட்டில் ஓர் எண்ணிக்கை, பங்குத்தந்தையரிடம் ஓர் எண்ணிக்கை என்று இருந்த நாட்கள் அவை. எந்தப் படகில் யார் இருந்தார்கள் என்பது துறைமுகத்தில் ஐஸ் ஏற்றியவருக்கும் டீசல் ஊற்றியவருக்கும் மீன் ஏலம் எடுத்தவருக்கும் துண்டு துண்டாகத் தெரிந்திருந்தது. தோப்பும்படியிலிருந்து சின்னத்துறை வரை அந்தத் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டு, மலையாளியும் தமிழரும் கலந்து வீடு வீடாகப் போகும் ஒரு படம் இன்னும் எடுக்கப்படவேண்டும். அதற்கு ஜானின் படம் எழுதிவைத்த வழி பயன்படும். இம்முறை பெண்களும் நடக்கவேண்டும்.